சராசரி பூஜ்யம், விளைவு பூஜ்யமல்ல: ஒழுங்கற்ற பொருள்களில் மின் இருமுனைகள்

(தாம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த அறக்கட்டளையை நிறுவியவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: சொற்பொழிவு தமிழில் இருக்க வேண்டும், அறிவியலில் குறை வைக்கக் கூடாது. இரண்டையும் காக்க முயல்கிறேன்.

தாம்பரம் ரயில் நிலையத்தை விட்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் ஜெராக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சேலையூர், கேம்ப் ரோடு, குரோம்பேட்டை என்று கல்லூரிகள் உள்ள இடமெல்லாம் தேர்வுக் காலத்தில் அவற்றின் முன்னே கூட்டம் நிற்கும். அந்த இயந்திரங்களுக்குள் சுழலும் டிரம்மின் மேல் மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று பூசப்பட்டிருக்கிறது. அதன் தடிமன் சுமார் 20 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்தப் படலத்தில் மூலக்கூறுகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் உறைந்து கிடக்கின்றன. ஆனாலும் அது மின்னூட்டத்தைக் கடத்துகிறது. எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது, எது அந்த வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்ற கேள்விக்கு விடை தேட உலக ஆய்வாளர்களுக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று. கிடைத்த விடை, மூலக்கூறுகளுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு மின் இருமுனைகள். இன்றைய சொற்பொழிவின் பொருள் அதுவே.

இருமுனையும் நம் முன்னோர் ஒருவரும்

ஒரு மூலக்கூறில் மொத்த மின்னூட்டம் சுழியாக இருந்தாலும், நேர் மின்னூட்டத்தின் மையமும் எதிர் மின்னூட்டத்தின் மையமும் ஒரே இடத்தில் அமைய வேண்டும் என்பதில்லை. அவை சற்று விலகி நின்றால் அந்த மூலக்கூறு ஒரு மின் இருமுனை. அதன் வலிமையைச் சொல்லும் அளவு இருமுனைத் திருப்புத்திறன்; டிபை என்ற அலகில் நீர் மூலக்கூறுக்கு அது 1.85. ஓர் எலக்ட்ரானையும் ஒரு புரோட்டானையும் ஓர் ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் நிறுத்தினால் 4.8 டிபை வரும். பீட்டர் டிபை 1912-ல் இந்தக் கருத்தை முன்வைத்து, மின்காப்புப் பொருள்களின் விடுதிறன் வெப்பநிலையோடு ஏன் மாறுகிறது என்று விளக்கினார். 1936-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தத் துறையில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை ஆசிரியராகப் பணியாற்றினார். அப்போது அக்கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-ல்தான் தாம்பரத்திற்கு வந்தது. கல்கத்தாவில் சி.வி. இராமனோடு சேர்ந்து கிருஷ்ணன் 1927-ல் வெளியிட்ட கட்டுரைகளில் ஒன்று, மின்புலத்தில் வைத்த திரவம் ஒளியை ஏன் இரட்டையாக விலக்குகிறது என்பதைப் பற்றியது. மூலக்கூறின் இருமுனையும், அதன் ஒளியியல் பண்பு திசைக்குத் திசை மாறுவதும் சேர்ந்து அந்த விளைவைத் தருகின்றன என்று அவர்கள் காட்டினார்கள்.

திரவத்தில் மூலக்கூறுகள் ஓயாமல் சுழல்கின்றன. மின்புலம் இல்லாதபோது எல்லாத் திசைகளிலும் சமமாகப் பார்ப்பதால் சராசரி இருமுனை சுழி. புலம் கொடுத்தால் சிறிதளவு ஒரு பக்கம் சாய்கின்றன. டிபையும் இராமனும் கிருஷ்ணனும் கணக்கிட்டது அந்தச் சாய்வின் சராசரியை. திரவத்திற்கும் வாயுவிற்கும் அது சரியான வழி. ஆனால் மூலக்கூறுகள் கண்டபடி திரும்பிய நிலையிலேயே உறைந்துபோன திடப்பொருளில் சராசரி நமக்கு எதையும் சொல்வதில்லை. அங்கே வேறு கணக்கு வேண்டும்.

டிரம்முக்குள் நடப்பது

செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகடு ஒன்றில் முதல் உலர் நகலை எடுத்தார். 1959-ல் வந்த ஜெராக்ஸ் 914 இயந்திரத்தில் கந்தகத்தின் இடத்தைப் படிக உருவற்ற செலினியம் பிடித்தது. 1970-ல் ஐ.பி.எம். நிறுவனம் தன் நகல் இயந்திரத்தில் கரிமப் பாலிமர் படலத்தைப் பயன்படுத்தியது. இன்று நம் கடைகளில் இருக்கும் டிரம்கள் பெரும்பாலும் கரிமப் படலத்தால் ஆனவை.

டிரம்மின் மேற்பரப்பை இருட்டில் சுமார் 600 வோல்ட் அளவுக்கு எதிர் மின்னூட்டம் ஏற்றுகிறார்கள். பிறகு லேசர் ஒளி விழுகிறது. அடியில் உள்ள நிறமி அடுக்கு ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானையும், அது நீங்கிய இடத்தில் நேர் மின்னூட்டமாக எஞ்சும் துளையையும் பிரிக்கிறது. எலக்ட்ரான் அடித்தட்டுக்குப் போகிறது. துளை மேலே உள்ள கடத்தும் அடுக்கைக் கடந்து மேற்பரப்பை அடைந்து அங்குள்ள மின்னூட்டத்தை நீக்குகிறது. மின்னூட்டம் நீங்கிய இடத்தில் டோனர் ஒட்டுகிறது. அதுவே எழுத்தாகத் தாளில் இறங்குகிறது.

அந்தக் கடத்தும் அடுக்கு, பாலிகார்பனேட்டில் அரைல் அமீன் வகை மூலக்கூறுகளைக் கரைத்துச் செய்த திடக் கரைசல். துளை ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்த மூலக்கூறுக்குத் தாவித் தாவிப் போகிறது. ஓரலகு மின்புலத்தில் மின்னூட்டம் பெறும் வேகமே இயக்க எண். சிலிக்கான் படிகத்தில் எலக்ட்ரானின் இயக்க எண் ஒரு வோல்ட்-வினாடிக்கு 1,400 சதுர சென்டிமீட்டர். இங்கே லட்சத்தில் ஒரு பங்கு சதுர சென்டிமீட்டர் என்ற அளவில் இருந்தால் போதும். 600 வோல்ட்டில் 20 மைக்ரோமீட்டரைக் கடக்க ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான நேரமே ஆகும். இயக்க எண் நூறு மடங்கு குறைந்தால் அந்த நேரம் 60 மில்லி வினாடியைத் தாண்டும். அதற்குள் டிரம் சுழன்று டோனர் இருக்கும் இடத்திற்கு வந்துவிட்டால், துளைகள் பாதி வழியிலேயே நிற்கும், நகல் மங்கும். இயந்திரத்தின் வேகத்திற்கு இந்த இயக்க எண் ஓர் எல்லையை வகுத்துவிடுகிறது.

கில் விட்டுச் சென்ற புதிர்

1972-ல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் டபிள்யூ.டி. கில் இந்த வகைப் படலத்தில் இயக்க எண்ணை அளந்தார். படலத்தின் ஒரு பக்கத்தில் மிகக் குறுகிய ஒளித்துடிப்பை விழச் செய்து, பிறந்த மின்னூட்டம் மறுபக்கம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதே அந்த முறை. இயக்க எண்ணின் மடக்கை, மின்புலத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் ஏறியது. அடுத்த இருபது ஆண்டுகளில் பல ஆய்வுக்கூடங்கள் வெவ்வேறு மூலக்கூறுகளையும் வெவ்வேறு பாலிமர்களையும் வைத்து அளந்தன. எல்லாவற்றிலும் அதே வர்க்கமூல விதி.

துளையைப் பிடித்து நிறுத்தும், மின்னூட்டம் பெற்ற பொறிகள் நிறைய இருந்தால் இத்தகைய விதி வரும் என்று பூல், பிரெங்கல் ஆகியோரின் பழைய ஆய்வுகளிலிருந்து தெரியும். ஆனால் இந்தப் படலங்களில் அவ்வளவு மின்னூட்டப் பொறிகள் இருக்க வழியில்லை. தூய்மைப்படுத்திப் பார்த்தாலும் விதி மாறவில்லை. வேதியியல் இவ்வளவு வேறுபட்டும் விதி ஒன்றாகவே இருந்தால், காரணம் எல்லாப் பொருள்களுக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும்.

ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஹைன்ஸ் பேஸ்லர் ஒரு முக்கியமான அடியை எடுத்து வைத்தார். ஒழுங்கற்ற பொருளில் ஒவ்வொரு மூலக்கூறிலும் துளையின் ஆற்றல் சற்று வேறுபடும். அந்த வேறுபாடுகள் மணி வடிவப் பரவலில் அமையும். பரவலின் திட்ட விலக்கம் சுமார் 0.1 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்தால், வெப்பநிலையோடு இயக்க எண் மாறும் விதம் சரியாக வருகிறது. அவருடைய 1993-ஆம் ஆண்டுத் தொகுப்புக் கட்டுரை இத்துறையில் இன்றும் படிக்கப்படுகிறது. ஆனால் இரண்டு கேள்விகள் எஞ்சின. அந்த 0.1 எலக்ட்ரான் வோல்ட் எங்கிருந்து வருகிறது? குறைந்த மின்புலத்திலும் வர்க்கமூல விதி ஏன் நீடிக்கிறது?

ஒரு சிறு கணக்கு

முதல் கேள்விக்கான விடையை மாணவர்கள் இங்கேயே தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன் 4 டிபை என்று வைப்போம். பாலிமரின் ஒப்புமை விடுதிறன் 3. ஒரு நானோமீட்டர் தொலைவில் இருக்கும் துளையின் ஆற்றலை அந்த ஒரு இருமுனை எவ்வளவு மாற்ற முடியும்? அதிகபட்சம் சுமார் 0.04 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலே 0.025 எலக்ட்ரான் வோல்ட்தான். ஒரேயொரு அண்டை மூலக்கூறே வெப்ப ஆற்றலை மிஞ்சுகிறது.

இப்போது ஒரு நானோமீட்டர் இடைவெளியில் மூன்று திசைகளிலும் இருமுனைகளை அடுக்கி, ஒவ்வொன்றையும் தன் போக்கில் திருப்பி வைப்போம். அவை உண்டாக்கும் மின்னழுத்தத்தின் சராசரி சுழி. எதிரெதிர் விளைவுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆனால் வர்க்கங்களைக் கூட்டினால் எதுவும் அழிவதில்லை. ஓர் இருமுனையின் மின்னழுத்தம் தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறைவதால், அதன் வர்க்கம் தொலைவின் நான்காம் அடுக்குப்படி குறைகிறது. அந்தக் கூட்டலை முழு அடுக்குக்கும் செய்தால் திட்ட விலக்கம், மேலே சொன்ன 0.04-ஐப் போல 2.35 மடங்கு. அதாவது 0.094 எலக்ட்ரான் வோல்ட். பேஸ்லர் சோதனையிலிருந்து எடுத்த 0.1-க்கு அருகிலேயே வந்துவிட்டோம். எந்தப் பொறியும் வேண்டியதில்லை, எந்த மாசும் வேண்டியதில்லை. மூலக்கூறுகள் தம் இயல்பான இருமுனையோடு தாறுமாறாக உறைந்து கிடப்பதே போதும்.

குழிகளா, ஏரிகளா?

இரண்டாம் கேள்வி இன்னும் நுட்பமானது. அதைப் புரிந்துகொள்ள நம் நிலத்தையே பார்ப்போம். 2015 டிசம்பர் மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடல் மட்டத்திலிருந்து இப்பகுதியின் சராசரி உயரம் எவ்வளவு என்று கேட்டால், எந்தத் தெரு மூழ்கும் என்பது தெரியாது. பள்ளங்கள் எங்கே, எவ்வளவு அகலம், ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். சாலையில் ஆங்காங்கே தனித்தனியாக இருக்கும் குழி ஒரு வகை. சிட்லபாக்கம் ஏரி நிரம்பி செம்பாக்கத்திற்கு வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிற அகன்ற தாழ்வு இன்னொரு வகை. இரண்டிலும் ஆழம் ஒன்றாக இருந்தாலும் தண்ணீர் ஓடும் விதம் ஒன்றல்ல. நிலத்தைச் சிறிதே சாய்த்தால் குழியில் தேங்கிய நீர் அசையாது. அகன்ற ஏரியில் ஒரு கரைக்கும் மறு கரைக்கும் இடையே அந்தச் சாய்வு பெரிய உயர வேறுபாடாகி, நீர் வழியத் தொடங்கும்.

பேஸ்லரின் தொடக்க மாதிரி ஆற்றல் நிலத்தைத் தனித்தனிக் குழிகளாகக் கொண்டது. ஒரு மூலக்கூறின் ஆற்றலுக்கும் அடுத்ததன் ஆற்றலுக்கும் தொடர்பில்லை. ஆனால் இருமுனையின் செல்வாக்கு தொலைவு வரை நீள்கிறது. அருகருகே உள்ள இரண்டு மூலக்கூறுகள் ஏறக்குறைய அதே இருமுனைக் கூட்டத்தைத்தான் உணர்கின்றன. எனவே ஒன்றில் ஆற்றல் தாழ்ந்திருந்தால் அண்டையிலும் தாழ்ந்திருக்கும். இந்த ஒட்டுறவு தொலைவுக்கு எதிர்விகிதத்தில் மிக மெதுவாகவே குறைகிறது. உருவாவது குழிகள் அல்ல, ஏரிகள்.

எண்ணில் பார்ப்போம். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் வோல்ட் புலத்தில், ஒரு நானோமீட்டர் தாவலுக்கு ஆற்றல் மாற்றம் 0.001 எலக்ட்ரான் வோல்ட். 0.1 எலக்ட்ரான் வோல்ட் ஆழமுள்ள குழியிலிருந்து ஏற இது ஒன்றுக்கும் உதவாது. ஆனால் பள்ளத்தின் அகலம் 30 நானோமீட்டர் என்றால் அதே புலம் 0.03 எலக்ட்ரான் வோல்ட் தருகிறது. அது வெப்ப ஆற்றலை விட அதிகம். குறைந்த புலமும் வேகத்தை மாற்றுவதன் காரணம் இதுதான்.

நோவிகோவ், வன்னிகோவ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த நீண்ட ஒட்டுறவைச் சுட்டிக்காட்டினார்கள். 1996-ல் டேவிட் டன்லப், பால் பாரிஸ், மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த நிதாந்த் கென்க்ரே ஆகிய மூவரும், தாறுமாறான இருமுனைகள் உள்ள பொருளில் வர்க்கமூல விதி இயல்பாகவே வெளிவருகிறது என்று நிறுவினார்கள். 1998-ல் ஐவரும் சேர்ந்து கணினிக் கணக்கீட்டின் மூலம் முழு வாய்பாட்டை வெளியிட்டார்கள். கில்லின் புதிர் இருபத்தாறு ஆண்டுகளில் விடை கண்டது.

வேதியியலாளர் கையில் ஒரு கருவி

இந்த விடையால் என்ன பயன் என்று கேட்பது நியாயம். 1998-ஆம் ஆண்டு வாய்பாட்டின்படி, மின்புலம் மிகக் குறைந்த நிலையில், திட்ட விலக்கம் 0.10 எலக்ட்ரான் வோல்ட் என்றால் ஒழுங்கின்மை இயக்க எண்ணைச் சுமார் முந்நூறில் ஒரு பங்காகக் குறைக்கிறது. 0.12 என்றால் நாலாயிரத்தில் ஒரு பங்கு. இருமுனையை ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டினால் வேகம் பத்து மடங்குக்கும் மேல் விழுகிறது. வெப்பநிலைக்கும் அதே கூர்மை உண்டு. தாம்பரத்தின் 40 டிகிரியில் ஓடும் துளை, உதகையின் 5 டிகிரியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வேகத்தில்தான் போகும்.

ஆகவே நல்ல படலம் செய்ய விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மூலக்கூறின் இருமுனையை. கோடாக் நிறுவனத்தில் பால் போர்சன்பெர்கர் பேஸ்லரோடு இணைந்து செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. துளையைக் கடத்தும் மூலக்கூறு ஒன்றேயானாலும், அதைப் பாலிகார்பனேட்டில் கரைத்தால் ஒரு வேகம், பாலிஸ்டைரீனில் கரைத்தால் அதைவிடக் கூடுதல் வேகம். பாலிகார்பனேட்டின் கார்பனேட் தொகுதிக்கு இருமுனை உண்டு, பாலிஸ்டைரீனுக்கு அது மிகக் குறைவு. கடத்தலில் நேரடியாகப் பங்கு கொள்ளாமல் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும் பொருளும் தன் இருமுனையால் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஆனாலும் பாலிகார்பனேட் உறுதியானது, தேய்மானத்தைத் தாங்குவது. தேர்வு எப்போதும் இரண்டையும் எடைபோட்டுத்தான்.

சராசரி சுழியாகாத இடமும், இருமுனை அசையும் இடமும்

நம் கைப்பேசிகளின் ஓ.எல்.இ.டி. திரையும் இத்தகைய ஒழுங்கற்ற கரிமப் படலமே. 1987-ல் கோடாக்கில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் செய்த முதல் நல்ல கருவியில் ஆல்க்யூ-3 என்ற அலுமினியச் சேர்மம் ஒளிர்ந்தது. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும்போது அதன் மூலக்கூறுகள் முழுக்கத் தாறுமாறாக அமைவதில்லை. மிகச் சிறிதளவு ஒரு பக்கம் சாய்கின்றன. 2002-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 560 நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தை இருட்டில் வளர்த்து அளந்தபோது, மின்கலம் எதையும் இணைக்காமலேயே மேற்பரப்பில் 28 வோல்ட் இருந்தது. ஒளி பட்டதும் அது மறைந்தது. சராசரி சுழியிலிருந்து இம்மியளவு விலகினாலும் இவ்வளவு பெரிய விளைவு. சென்னை ஐ.ஐ.டி.யில் இத்தகைய திரைகளுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இந்த இயற்பியல் தொழில்நுட்பமாகிறது என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்ன இருமுனைகள் உறைந்தவை. அசையக்கூடிய இருமுனைகள் எதிர்த் திசையிலும் வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதம் ஈரத்தை உறிஞ்சுகிறது. செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகள் நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்கின்றன. நீரின் ஒப்புமை விடுதிறன் 80 அளவுக்கு உயர்ந்திருப்பதற்கு, அதன் இருமுனைகள் புலத்திற்கு ஏற்பத் திரும்புவதே காரணம். அதனால் தாளில் உள்ள அயனிகளைக் கட்டி வைத்திருந்த கவர்ச்சி தளர்ந்து அவை நகரத் தொடங்குகின்றன. தாளின் மின்தடை பல மடங்கு விழுகிறது. டோனரை இழுக்க வேண்டிய மின்னூட்டம் தாளில் நிற்காமல் கசிகிறது. உறைந்த இருமுனை மின்னூட்டத்தைச் சிறைப்படுத்துகிறது, திரும்பும் இருமுனை விடுவிக்கிறது. ஒரே நகல் இயந்திரத்தில் டிரம்மில் முன்னதும் தாளில் பின்னதும் நடக்கின்றன.

மாணவர்களுக்கு

நம் பாடத்திட்டங்களில் திடப்பொருள் இயற்பியல் என்றால் படிகத்தில் தொடங்கிப் படிகத்திலேயே முடிகிறது. ஒழுங்கு அழகானது, கணக்கிட எளியது. ஆனால் நம்மைச் சுற்றியுள்ள கண்ணாடி, பிளாஸ்டிக், காகிதம், மண், மின்கம்பியின் உறை எல்லாம் ஒழுங்கற்றவை. இவற்றில் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது சராசரி அல்ல, சராசரியிலிருந்து விலகும் அளவு. அந்த விலகல்கள் இடத்துக்கு இடம் எப்படிக் கைகோத்திருக்கின்றன என்பதும் அதே அளவு முக்கியம். இந்த இரண்டு கருத்துகளையும் இளங்கலை மூன்றாம் ஆண்டிலேயே கற்பிக்க முடியும். நான் மேலே போட்ட கணக்கிற்குக் கூலூம் விதியும் கூட்டலும் தவிர வேறொன்றும் தேவைப்படவில்லை.

கில் செய்த சோதனையின் எளிய வடிவத்தையும் கல்லூரி ஆய்வகத்தில் அமைக்கலாம். பழைய டிரம்மிலிருந்து எடுத்த படலம், துடிப்பு ஒளி தரும் விளக்கு, உயர் மின்னழுத்த மூலம், ஒரு மின்தடை, ஓர் ஆசிலோஸ்கோப். உயர் மின்னழுத்தத்திற்கு ஆசிரியரின் மேற்பார்வை கட்டாயம். ஐந்தாறு மின்புலங்களில் கடக்கும் நேரத்தை அளந்து, இயக்க எண்ணின் மடக்கையைப் புலத்தின் வர்க்கமூலத்திற்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வருகிறதா என்று மாணவரே பார்க்கலாம். வந்தால், அந்தக் கோட்டின் சாய்விலிருந்து ஆற்றல் பரவலின் அகலத்தை மதிப்பிடலாம்; அதிலிருந்து மூலக்கூறுகளின் இருமுனை எந்த அளவில் இருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். எந்த நுண்ணோக்கியும் இல்லாமல் ஒரு மூலக்கூறின் உள்ளமைப்பைப் பற்றி ஓர் எண்ணைப் பெறுவது எவ்வளவு பெரிய செயல் என்பதை அளந்து பார்த்தவர்களே உணர்வார்கள்.

குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர் என்று இந்தச் சாலை நெடுக இத்தனை கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கருவியை வாங்கிப் பூட்டி வைப்பதை விட, இரண்டு மூன்று கல்லூரிகள் சேர்ந்து இப்படி ஒரு சோதனையை அமைத்து எல்லா மாணவர்களுக்கும் திறந்துவிட வேண்டும். அறக்கட்டளையினரிடமும் இங்குள்ள துறைத்தலைவர்களிடமும் இந்த வேண்டுகோளை வைக்கிறேன். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவின்போது அந்த நேர்கோட்டை வரைந்த மாணவர் ஒருவர் இந்த மேடையிலேயே தன் அளவீட்டை விளக்க வேண்டும். அதற்கான தொடக்கப் பணியில் உடனிருந்து உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன்.